பத்ரோன் கேட்ட கடிதம்

என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் கையில்லாத மேற்சட்டை ஒன்று தொங்குகிறது. தோடம்பழ நிறம், கண்ணைக் குத்துகிற செம்மஞ்சள். காட்டுக்கு வேட்டையாடப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் மிருகமென்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற சட்டை அது. நான் வேட்டைக்குப் போனவள் இல்லை. துவக்கைத் தொட்டதும் இல்லை. துவக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்றுதான் நாட்டை விட்டே வந்தவள். ஆனாலும் பனிக்காலத்தில் வெளியே போகும்போது குளிரங்கிக்கு மேலே அதைத்தான் போட்டுக்கொள்கிறேன். கியூபெக்கில் நாங்கள் இருக்கிற வில்லரேயில் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும், கார் ஓட்டுகிறவனுக்குக் கண் தெரிய வேண்டாமா என்று மகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். "வீதி வேலைக்கு வைக்கிற கூம்பு மாதிரி நிக்கிறியள் அம்மா, ஆரும் தூக்கிக்கொண்டு போய் வீதியில வெட்டின கிடங்குக்குப் பக்கத்தில வைச்சிடப்போறாங்கள்" என்று அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளுக்குச் சொன்ன காரணம் பொய்யில்லை. அது முழுக்காரணமும் இல்லை.

அந்தச் சட்டையை எனக்கு வாங்கியவர், நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த இறைச்சிக்கடையின் முதலாளி. இங்கே முதலாளியைப் பத்ரோன் என்பார்கள்; நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னை அவர் மரியாதையாக மதாம் என்பார். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, ஒரு காது கொஞ்சம் மந்தம். அவர் பேசியது வடக்கே காட்டுப்பக்கத்துப் பிரெஞ்சு. நான் பேசியது கடைக்குள் பொறுக்கிச் சேர்த்த பிரெஞ்சு. ஆனால் இப்போது நினைத்துப் பார்த்தால் அவர் என்னோடு எங்கள் தமிழில் கதைத்ததுபோலத்தான் காதுக்குள் கேட்கிறது. கேட்கிறபடியே எழுதுகிறேன்.

முதலில் அவர் என்னை எடுத்தது தட்டுக் கழுவுவதற்கு. கட்டின மனிசன் போய்ச் சேர்ந்து ஒரு வருடம், மகள் பள்ளிக்கூடம் போகிற வயது, எனக்கு வேறு வழியில்லை. இலைகள் சிவக்கிற காலம் வந்ததும் கடையின் பின்பக்கம் வேறொரு கடையாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. வடக்கே காட்டில் மூஸ் சுட்டவர்கள் அதைப் பெரிய துண்டங்களாக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். மூஸ் என்பது நாங்கள் ஊரில் கண்ட மான் இல்லை. குதிரையை விட உயரம், சுளகை விரித்து வைத்தது போலக் கொம்பு, ஒரு பின்னங்காலைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். அதைக் குளிரறையில் தொங்கவிட்டு, பிறகு வெட்டி, அரைத்து, மெழுகுத்தாளில் சுற்றிப் பொதி பொதியாகக் கொடுப்பது பத்ரோனின் வேலை. கொண்டுவருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரே பயம்தான்: தன்னுடைய இறைச்சி அடுத்தவனுடைய பொதிக்குள் போய்விடும் என்ற பயம். வாசலில் நின்று சிரித்துக் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். போகும்போது குளிரறைக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு விளங்கிய முதல் கியூபெக்காரர்கள் அவர்கள்தான்.

நான் சேர்ந்த இரண்டாம் கிழமை இரண்டு வேட்டைக்காரர் ஒரு பின்னங்காலுக்காகச் சண்டை பிடித்தார்கள். கட்டியிருந்த அடையாள அட்டை ஈரத்தில் கழன்று எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு பேரும் என்னுடையது என்கிறார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய், நரைத்த தாடிக்காரரைக் காட்டி, இவருடையது என்றேன். அந்தக் காலைக் கட்டியிருந்த கயிற்றில் இரட்டைச் சுற்று முடிச்சு. அவர் இறக்கிய மற்ற மூன்று துண்டுகளிலும் அதே முடிச்சு. மற்றவர் கட்டியதெல்லாம் சும்மா பிள்ளைகள் கட்டுகிற முடிச்சு. வலைக்காரரின் மகளுக்கு முடிச்சுத் தெரியாதா? பத்ரோன் கயிற்றைத் தூக்கி முடிச்சைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இறக்கேக்கையே முடிச்சைப் பார்த்து வைச்சனீங்களோ?"

"ஓம். ஆரும் மாத்துவினம் எண்டு தெரியும்."

அடுத்த நாள் காலை தட்டுக் கழுவுவதற்கு வேறு ஆள் நின்றான். என் கையில் ஒரு நீல மெழுகுப் பென்சிலைத் தந்தார். வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போடுவது, போகிற ஒவ்வொரு பொதியிலும் அதே இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது, இனி அதுதான் என் வேலை. "என்னை நம்புற ஆக்கள் கடையில நிறைய இருக்கினம். ஒருத்தரையும் நம்பாத ஆள்தான் இல்லாமல் இருந்தது" என்றார். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது போலத்தான் ஓடும். ஆனால் இலக்கத்தில் என்னை ஒருவரும் வெல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொதி மாறிப் போகவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பத்ரோனுக்கு ஓர் ஏரி இருந்தது. சொந்த ஏரி இல்லை, மனதுக்குள் வைத்திருந்த ஏரி. வடக்கே அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கிறது. அவருடைய தகப்பன் ஒருகாலத்தில் அங்கே சுமைகாரர். அப்போது அந்தக் காடெல்லாம் பணக்காரரின் வேட்டைக் கழகங்களின் கையில் இருந்ததாம். துரைமார் வந்து சுடுவார்கள். தகப்பன் அவர்களுக்கு வள்ளம் வலித்து, சுட்ட மூஸைத் துண்டு துண்டாகத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவருவார். தனக்கென்று ஒரு முயல்கூட அங்கே சுடக்கூடாது. பிறகு அரசாங்கம் கழகங்களைக் கலைத்துவிட்டுக் காட்டை எல்லாருக்கும் பொது என்று அறிவித்தது. ஆனால் எல்லாரையும் உள்ளே விட்டால் மிருகம் மிஞ்சாது. அதனால் வருடத்துக்கு இத்தனை குழு, குழுவுக்கு நாலு பேர், இத்தனை நாள், இன்ன பகுதி என்று அளந்து வைத்து, யார் போவதென்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்த்தார்கள். தகப்பன் சாகும்வரை பெயர் கொடுத்தார். விழவில்லை. பத்ரோனும் இளந்தாரியாக இருந்த நாளிலிருந்து கொடுக்கிறார். அவருக்கும் விழவில்லை. காசைக் கொடுத்தால் தனியார் காட்டுக்குப் போகலாம், வேறு ஏரிகளும் இருக்கின்றன. அவர் போகமாட்டார். "துரைமார் பூட்டி வைச்ச காடு. இப்ப டொக்டரும் நானும் ஒரே பெட்டிக்குள்ள பேர் போடுறம். விழாட்டிலும் அது எனக்குக் காணும்" என்பார். காணாது என்பது அவருடைய கண்ணில் தெரியும்.

ஒவ்வொரு தை மாதமும் கடையில் வேலை செய்கிறவர்களிடமும் பெயர் கேட்பார். யாருடைய பெயர் விழுந்தாலும் அந்த ஆள் மற்ற மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அவருடைய மருமகன், வெட்டுகிற போர்த்துக்கல்காரன், எல்லாரும் கொடுப்பார்கள். துவக்குப் பிடிக்கத் தெரியவேண்டியதில்லை, பெயர் விழுந்தவர் குழுவோடு கூட வந்தால் போதும் என்று என்னிடம் சொன்னார். சட்டம் அப்படித்தானோ எனக்குத் தெரியாது. அதையும் நான் நம்பவில்லை. ஒவ்வொரு வருடமும் மாட்டேன் என்றேன். எங்கள் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் ஒருவரும் நல்லதுக்கு எழுதிக்கொண்டு போகவில்லை. அப்படிப் பழகிப்போன ஆட்கள் நாங்கள். ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுக்குமுன் அந்தத் தாள் எங்கே போய் நிற்கும் என்று யோசிப்போம். போதாததற்கு, தொடர்ந்து இரண்டு வருடம் பெயர் விழுந்த வேட்டைக்காரர் ஒருவரும் எங்கள் கடைக்கு மூஸ் கொண்டுவந்தார். அவருடைய பொதிகளில் இலக்கம் போடும்போது, உமக்குப் பெட்டிக்குள் ஆர் இருக்கினம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் போட்டேன்.

ஆனால் சீட்டு என்றால் எனக்கு வேர்ப்பதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதை மகளுக்கும் சொன்னதில்லை.

நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். கரைவலை இழுக்கிற ஊர். வலை வளைக்கிற கரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பாடு என்பார்கள். கடலும் கரையும் எல்லாருக்கும் பொதுதான், ஆனால் எல்லாப் பாட்டிலும் மீன் ஒரே அளவாக விழாது. ஒன்றில் வலை கொள்ளாமல் வரும், இன்னொன்றில் கல்லில் மாட்டிக் கிழியும். அதனால் பருவம் தொடங்குமுன் பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் சுவாமியார் முன்னால் சீட்டு எடுப்பார்கள். வலைச் சொந்தக்காரர்களான சம்மாட்டிமாரின் பெயர்களை எழுதி, காற்றில் பறக்காமல் இருக்க, வலையில் கட்டுகிற ஈயக்குண்டின் துளைக்குள் சுருட்டிச் செருகிப் பானைக்குள் போடுவார்கள். முதலில் வருகிற பெயருக்கு நல்ல பாடு. எடுப்பது ஒரு சின்னப்பிள்ளை. பிள்ளையின் கையில் களவு இருக்காது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அந்த வருடத்துப் பிள்ளை நான். பெயர்களைச் சுருட்டிச் செருகியவர் என் குஞ்சியப்பு, என்னைப் பெற்ற ஐயாவின் தம்பி. பூசைக்கு முன் என்னைக் கரையில் மீன் சேர்க்கிற கொட்டிலான வாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளங்கையில் ஒரு ஐஸ்கட்டியை வைத்து மூடிப் பிடித்தார். "இந்தக் குளிரை ஞாபகம் வைச்சிரு பிள்ளை. பானைக்குள்ள ஒரே ஒரு குண்டு இப்பிடிக் குளிரும். அதை எடு" என்றார். விடியும்வரை ஐஸுக்குள் கிடந்த ஈயம். பானைக்குள் கை விட்டதும் விரலில் சுட்டது. எடுத்தேன். ஐயாவின் பெயர். எல்லாரும் என் தலையைத் தடவினார்கள். அந்த வருடம் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். கல்லுப்பாடு விழுந்தது என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவளின் வீட்டுக்கு. பருவம் முடியுமுன் அவர்களுடைய வலை கிழிந்து கரையில் கிடந்தது; அவள் பள்ளிக்கூடம் வருவதை விட்டுவிட்டு வாடியில் கருவாடு புரட்டப் போனாள். வழியில் கண்டால் எப்போதும்போலச் சிரிப்பாள். அவளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து எந்தக் குலுக்கலைக் கண்டாலும் என் கண் முதலில் தேடுவது கையைத்தான். யாருடைய கை உள்ளே போகிறது, அந்தக் கையை அதற்கு முன் யார் பிடித்திருந்தார்கள்?

என் பெயரை நான் கொடுத்தது பத்ரோனின் கடைசி வருடம். முழங்கால் இரண்டும் போய்விட்டன என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனைவி கடையை விற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிற இலையுதிர்காலத்தில் நடக்க முடிந்தால் உண்டு, அதற்குப் பிறகு இல்லை. தை மாதம் பத்ரோன் வழமைபோலப் பெயர் கேட்டுக்கொண்டு என் மேசையடிக்கு வந்தார். நானும் வழமைபோலத் தலையாட்டினேன்.

"சீட்டு மடிக்கிறவன் எண்டு ஒருத்தன் எங்கையும் இருப்பான் பத்ரோன். அவனைத் தெரியாத ஆளுக்கு விழாது."

"அப்ப உங்கட பேர் விழவே விழாது."

"விழாது."

"விழாத பேரைத் தாறதில உங்களுக்கு என்ன பயம், மதாம்? தாங்கோவன். விழாட்டில் நீங்கள் சொன்னது சரி. கடைக்குள்ள ஆக்களுக்கு முன்னால நிண்டு நான் ஒத்துக்கொள்ளுறன்."

போர்த்துக்கல்காரன் கத்தியைத் தீட்டியபடி, மதாம் காட்டுக்குப் போனால் மூஸே தன்னுடைய அடையாள அட்டையைக் காட்டவேண்டி வரும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்னை யாராவது பயந்தவள் என்று நினைப்பது எனக்குப் பிடிக்காது. நான் சொன்னது சரி என்று ஆட்களுக்கு முன்னால் கேட்பது பிடிக்கும். கொடுத்தேன்.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை கடிதம் வந்தது. நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் குசினி மேசையில் வைத்துப் பிரித்து வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு விழுந்திருக்கு. நாலு பேர் போகலாம். பன்னிரண்டு நாளுக்குள்ள ஓம் எண்டு அறிவிக்க வேணுமாம், இல்லாட்டில் வேற ஆளுக்குப் போயிடும்."

எந்த இடம் என்று கேட்டேன். அந்த ஏரியின் பெயரைத்தான் சொன்னாள். நான் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்து, கடிதத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். தபால்பெட்டிக்குள் கிடந்த தாள். குளிர்ந்துதான் இருந்தது.

"இதை ஆர் எடுக்கிறது?"

"கொம்பியூட்டர் அம்மா. கை ஒண்டும் இல்லை."

கையில்லாமல் ஒரு சீட்டா? எனக்கு அது இன்னும் மோசமாகப் பட்டது. ஒரு மனிசன் முப்பது நாற்பது வருடம் பெயர் கொடுக்கிறார், விழவில்லை. அவருடைய தகப்பன் சாகும்வரை கொடுத்தார், விழவில்லை. ஒன்றுமறியாத நான் ஒரே ஒரு தடவை கொடுத்தேன், அதுவும் அவருக்குக் கடைசி வருடத்தில், அதுவும் அதே ஏரி. இது தானாக நடக்குமா? எத்தனையோ வேட்டைக்காரர் கடைக்கு வந்து போகிறார்கள். அவர்களில் ஒருவர் சீட்டு நடத்துகிற அரசாங்கக் கந்தோரில் இருக்கமாட்டாரா? தன்னுடைய பெயரில் விழுத்தினால் ஊர் சந்தேகிக்கும் என்று பத்ரோன் என் பெயரைக் கேட்டிருக்கிறார், ஒருவரையும் நம்பாதவள் என்று பெயரெடுத்தவளை ஒருவரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்று. யோசிக்க யோசிக்க எனக்கு உள்ளங்கை குளிர்ந்தது. திரும்பவும் நான்தான் அந்தப் பிள்ளை. திரும்பவும் என் கையைத்தான் ஒருவர் பிடித்து உள்ளே விட்டிருக்கிறார். எங்கோ ஒருவனுக்கு இந்த வருடம் கல்லுப்பாடு. மகளிடம், பத்ரோனுக்கு நானே சொல்லுகிறேன் என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிச் சுவர்த்தட்டில் நிற்கிற மாதா சுருவத்துக்கு அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை அவர் கேட்டார். முதலில் மருமகனை, பிறகு போர்த்துக்கல்காரனை, பிறகு என்னை. "கடிதம் ஏதும் வந்ததோ, மதாம்?" இல்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார், இல்லை என்றேன். அந்தக் கிழமைக்குள் மற்ற இரண்டு பேருக்கும், அவருக்கும்கூட, விழவில்லை என்ற கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னை மட்டும்தான் கேட்டார். விழுந்தது என்றும் வரவில்லை, விழவில்லை என்றும் வரவில்லை என்றால் அவருக்கே விசித்திரமாக இருந்திருக்கும். கேட்கும்போது நான் அவருடைய கண்ணைப் பார்ப்பேன்: தெரிந்துகொண்டு கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா? ஒன்றும் பிடிபடவில்லை. மந்தமான காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார், இல்லை என்ற சொல் அந்தக் காதுக்குள் போனால் நோகாது என்பது போல. மகள் கேட்டபோது, சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்ளுவார் என்றேன். இலக்கம் பிழைக்காத நான் ஒரு நாளைக்கு இரண்டு பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் குளிரறைக்குள் போனபோது அவர் ஒரு வெறும்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. "உங்கட வீதிக்கு வாற தபால்காரன் பிந்திப் பிந்தித்தான் வாறவனோ, மதாம்?" என்று கேட்டார். தபால்காரனில் பிழை பிடித்தார். என்னில் பிடிக்கவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு நடந்து போகையில், கள்ளச் சீட்டென்றாலும் இருக்கட்டும், இந்த மனிசன் ஒரு தடவை அந்த ஏரியைப் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தேன். மாதாவுக்கு அடியில் இருந்து கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். என் மேலங்கி கொழுவுகிற கொழுக்கியில் புதுத் தோடம்பழ நிற மேற்சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. விலைச்சீட்டு வெட்டின நூல்கூடக் கழுத்தடியில் இருந்தது. சின்ன அளவு. என் அளவு. அந்தக் கடையில் அந்த அளவு உடம்பு வேறொருவருக்கும் இல்லை.

அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியென்றால் தெரியும். பெயர் விழுந்தது தெரியும், எத்தனையாம் நாள் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பன்னிரண்டு நாளும் சின்னப்பிள்ளையைக் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்த என்னை ஒருவர் நின்று கவனித்திருக்கிறார். யார் சொன்னது? உள்ளே ஆள் இல்லாமல் எப்படித் தெரியும்? நான் நினைத்தது முழுக்கச் சரி. கைப்பையின் ஸிப்பை இழுத்து மூடினேன். மேற்சட்டையைப் பார்க்காதது போல என் மேலங்கியை அதற்கு மேலே கொழுவினேன்.

அவர் வந்தார். அன்று பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"கடிதம் ஏதும் வந்ததோ, மதாம்?"

"வரேல்லை, பத்ரோன்."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். பின்னேரம் கந்தோர் மூடுகிற நேரம் வந்தது, போனது. ஏரி வேறொருவருக்குப் போய்விட்டது. நான் பொதிகளில் இலக்கம் போட்டுக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை கடை நிறையச் சனம். பத்ரோன் முன்கட்டுக்கு வந்து, கையைத் தட்டி எல்லாரையும் நிறுத்தினார். "இந்த மதாம், சீட்டு எல்லாம் கள்ளச் சீட்டு, தன்ர பேர் விழாது எண்டு சொன்னவா. விழேல்லை. அவா சொன்னது சரி எண்டு நான் ஒத்துக்கொள்ளுறன்" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சனம் சிரித்துக் கைதட்டியது. நான் நீலப் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கைதட்டலை வாங்கினேன். கோயில் முற்றத்தில் தலையைத் தடவிய கைகள் ஞாபகம் வந்தன.

இலையுதிர்காலத்துக்கு முன்பே கடை விலைப்பட்டது. சாமான்களை ஒதுக்க வந்த பத்ரோனின் மனைவி, கொழுக்கியில் அப்படியே தொங்கிய மேற்சட்டையை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். "உங்கடைதானே" என்றார். முதல்முதல் பெயர் தருகிற ஒவ்வொருவருக்கும் பத்ரோன் ஒன்று வாங்கிக் கொடுப்பது வழக்கமாம். மருமகனுக்கும் போர்த்துக்கல்காரனுக்கும் அவர்கள் பெயர் தந்த முதல் வருடமே கொடுத்துவிட்டார். அவர்கள் போட்டுக்கொண்டு திரிந்ததை நான் கண்டிருக்கிறேன், தாங்களாக வாங்கியது என்று நினைத்திருந்தேன். "முடிவு தெரிய முதலே வாங்கவேணுமாம், பிறகு வாங்கினா ராசியில்லையாம். உங்கட அளவு கிடைக்காமல் மூண்டு கடை ஏறி இறங்கினவர். அதாலதான் பிந்தினது" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினேன். அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோக மனம் வரவில்லை.

அப்படியென்றால் அவருக்குத் தெரியாது. அல்லது தெரிந்தும், மனைவிக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். இதில் எது உண்மை என்று எத்தனையோ வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். கணினியில் கை இல்லை என்று மகள் சொன்னதையும் இப்போது நம்பத்தான் பார்க்கிறேன். அதை நம்பினால், அந்த வருடம் அந்தச் சீட்டில் நடந்த ஒரே களவு என்னுடையது.

பத்ரோன் இப்போது வில்லரேக்கு வடக்கே அஹுன்ட்சிக் பக்கத்தில் முதியோரைப் பராமரிக்கிற வீடு ஒன்றில் இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மருமகன் எப்போதாவது வருவானாம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் எடுத்துப் போகிறேன். பாதி நாள் என்னை யாரென்று தெரியாது. ஒருநாள் தாதிப்பெண் என்று நினைத்து மருந்துக் குளிசை கேட்டார். ஒருநாள் தகப்பனைப் பற்றிச் சொன்னார், வள்ளம் வலித்த கதை. நான் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்துவிட்டு வருவேன். போன மாசி மாதம் கடுங்குளிர். மேற்சட்டையைக் கழற்றாமலே அறைக்குள் போய்விட்டேன். தலையணையில் முகம் திரும்பியது. என்னைப் பார்க்கவில்லை, அந்த நிறத்தைத்தான் பார்த்தார். பிறகு கடைக்குள் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"கடிதம் ஏதும் வந்ததோ, மதாம்?"

அந்தக் கடிதத்தை நான் எறியவில்லை. மேற்சட்டை வீட்டுக்கு வந்த நாளே அதன் வெளிப்பையில் மடித்து வைத்தது அங்கேயே இருந்தது. எத்தனை பனிக்காலம் அதைப் போட்டுக்கொண்டு கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்திருக்கிறேன். இதுதான் மகளுக்குச் சொல்லாத மிச்சக் காரணம்.

"வந்தது, பத்ரோன்."

எடுத்து அவருடைய கையில் வைத்தேன். கண் மங்கிவிட்டதால் அவரால் வாசிக்க முடியாது. விரலால் தடவிப் பார்த்தார். மெதுவாக, ஒரு மூலையில் இருந்து மறு மூலை வரை.

"குளிருது" என்றார்.

பஸ் தரிப்பிலிருந்து நடந்து வந்த குளிர் அது, வேறொன்றுமில்லை. ஆனால் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. என் முகத்தில் எதையாவது கண்டாரோ தெரியாது. கடிதத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, சூடு ஏறும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு திருப்பித் தந்தார். "வைச்சிருங்கோ. உங்கட பேரில விழுந்தது" என்றார். தந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். மறந்துபோய்த்தான் கேட்கிறாரா, அல்லது ஒவ்வொரு கிழமையும் என்னைச் சொல்ல வைத்துக் கேட்பதில் அவருக்கு ஏதும் இருக்கிறதா? கண்ணைப் பார்க்கிறேன், இன்றைக்கும் பிடிபடவில்லை. வந்தது என்று சொல்கிறேன். திரும்பி வந்ததும் மேற்சட்டையை அதே ஆணியில் கொழுவுகிறேன். அதன் பை இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. போகும்போது கடிதத்தைச் சட்டைக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டு போகிறேன், அவருடைய கைக்குப் போகும்போது குளிராமல் இருப்பதற்காக.